எட்டாவது யுகம் கண்ட வைகுண்டர்

விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. மரத்திலிருந்து காய் விழுவதும், திங்கள் நிலவுலகைச் சுற்றி வருவதும் ஒரே விதியால் நிகழ்கின்றன என்பதே அது. இன்று இது எளிய உண்மை. ஆனால் மனித குலம் இதை அடைவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் உலகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்தார். திங்களுக்குக் கீழே உள்ளவை பிறக்கும், வளரும், அழியும். நேர்க்கோட்டில் எழும் அல்லது விழும். திங்களுக்கு மேலே உள்ளவை அழியா, வட்டமாகவே சுழலும். கீழே ஒரு சட்டம், மேலே ஒரு சட்டம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அறிஞருலகம் இதை நம்பியது. 1687ஆம் ஆண்டில் நியூட்டனின் நூல் வெளிவந்த பிறகே விண்ணும் மண்ணும் ஒரே சட்டத்திற்கு உட்பட்டவை என்பது உறுதியாயிற்று.

நம் நாட்டுப் புராணங்களிலும் இத்தகைய பிரிவினை உண்டு. மண்ணுலகின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பர். கிருத யுகத்தில் நான்கு கால்களால் நின்ற அறம் கலியுகத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது என்பர். உலகந்தோறும் கால அளவு வேறு. யுகந்தோறும் மனிதரின் ஆயுளும் வலிமையும் ஒழுக்கமும் வேறு. இவற்றையெல்லாம் கதை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இத்தகைய கதை ஒன்றையே துணையாகக் கொண்டு, ஒரு நாட்டின் சமூகக் கட்டுப்பாட்டை அசைத்துக் காட்டிய மகான் ஒருவர் தென்திருவிதாங்கூரில் வாழ்ந்தார். அவர்தாம் அய்யா வைகுண்டர்.

காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே ஒழிய, அய்யாவின் வழி வந்தவர்களைப் பிரிக்கவில்லை. கோட்டிற்கு இரு புறமும் அவருடைய அன்பர்கள் வாழ்கிறார்கள். ஆயினும் பிற பகுதிகளிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் பலர் அவர் வரலாற்றை அறியார். அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முப்பத்தாறு காலடி

வைகுண்டர் பிறந்த காலத்துத் திருவிதாங்கூர் எவ்வாறு இருந்தது என்பதை முதலில் காண்போம். சாமுவேல் மட்டீர் என்னும் பாதிரியார் அந்நாட்டில் பல ஆண்டுகள் தங்கி, 1871இல் ஒரு நூல் வெளியிட்டார். தருமபூமி என்று பொருள்படும் பெயரையே அந்நூலுக்குச் சூட்டினார். திருவிதாங்கூர் அப்படித்தான் தன்னை அழைத்துக்கொண்டது. அந்தத் தருமபூமியில் நம்பூதிரியை நாயர் நெருங்கலாம், தொடலாகாது. ஈழவர் முப்பத்தாறு காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் தொண்ணூற்றாறு காலடி தள்ளி நிற்க வேண்டும். நாயரிடமிருந்துகூட ஈழவர் பன்னிரண்டு காலடி விலக வேண்டும். தெற்கே பனையேறி வாழ்ந்த நாடார்களையும் வழக்கம் ஏறத்தாழ ஈழவர்களின் தட்டிலேயே வைத்திருந்தது.

விலகி நிற்பதோடு முடியவில்லை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தலாகாது, தலைப்பாகை கட்டலாகாது. பெண்கள் தோளை மறைத்து மேலாடை போடலாகாது. மேல்சாதிப் பெண்களைப்போல நாடார் பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று 1829இல் அரசாணையே பிறந்தது. பனைக்கு வரி, இன்னும் எத்தனையோ சில்லறை வரிகள். இவற்றோடு ஊழியம் என்ற பெயரில் கூலியில்லா வேலையும் இருந்தது. சர்க்கார் கேட்டபோது போய்ச் சுமக்க வேண்டும். வயிற்றுக்கு என்ன வழி என்று கேட்கலாகாது.

இவை அனைத்தும் மனிதர் ஏற்படுத்திய விதிகள். ஆனால் அக்காலத்தவர் இவற்றை அப்படி எண்ணவில்லை. நெருப்புச் சுடுவதுபோல, நீர் பள்ளத்தை நோக்கிப் பாய்வதுபோல, தாழ்ந்தவன் நெருங்கினால் தீட்டு உண்டாவதும் இயற்கை என்றே நம்பினர். ஒரு நம்பூதிரி சாலையில் நடந்து சென்றால், அவரைச் சுற்றி முப்பத்தாறு காலடி ஆரமுள்ள வட்டம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து சென்றது. வட்டத்திற்கு வெளியே நிற்கும்வரை பனையேறி ஒரு மனிதன்; உள்ளே ஓரடி வைத்தால் அவன் குற்றவாளி. இடத்திற்கு இடம் இயற்கையின் சட்டமே மாறுகிறது என்று கொண்டிருந்த உலகம் அது. தாழ்த்தியவர்கள் மட்டுமா நம்பினர்? தாழ்த்தப்பட்டவர்களும் நம்பினர். அதுதான் அக்கொடுமையின் அடித்தளம்.

பெயரே குற்றமாயிற்று

கன்னியாகுமரிக்கு வடமேற்கே, இன்று சாமித்தோப்பு என வழங்கும் ஊரில் 1809ஆம் ஆண்டு பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மையாருக்கும் ஒரு மகன் பிறந்தான். பெற்றோர் பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். தலையில் துணி சுற்றவே உரிமையில்லாத குலத்தில் முடிசூடும் என்ற பெயரா? மேல்சாதியினர் சீறினர். பெயர் மாற்றப்பட்டது. முத்துக்குட்டி என்ற பெயரோடு பிள்ளை வளர்ந்தான். தன் பெயரைக்கூடத் தானே வைத்துக்கொள்ள முடியாத நாட்டில் தன் வாழ்வு தொடங்கியதை அவர் கடைசிவரை மறந்திருக்க முடியாது.

முத்துக்குட்டி திருமால் பக்தியுடைய இளைஞர். திருமாலம்மாள் என்பவரோடு இல்லறம் நடத்தினார். இருபத்து மூன்று வயதளவில் கடுமையான நோய் அவரைப் பற்றியது. ஓராண்டு கடந்தும் நோய் தீரவில்லை. திருச்செந்தூரில் மாசித் திருவிழா நெருங்கிற்று. அங்கே கொண்டுபோனால் குணமாகும் என்று தாய் வெயிலாள் நம்பினார். நோயாளியைத் தொட்டிலில் கிடத்தி உறவினர் சுமந்து சென்றனர். வழியிலே அவர் எழுந்து நடக்கத் தொடங்கினார் என்றும், செந்தூர்க் கடலுக்குள் இறங்கி மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் வெளிவந்தார் என்றும் அன்பர்கள் கூறுவர். கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி 20ஆம் நாள் அது. ஆங்கிலக் கணக்கில் 1833 மார்ச் மாதத் தொடக்கம். கரையில் காத்திருந்த தாய் மகனே என்று ஓடி வந்தபோது, தாம் இனி அவருடைய மகன் அல்லர், நாராயணரின் மகனாகிய வைகுண்டர் என்று அவர் அறிவித்தார்.

கடலடியில் நிகழ்ந்தது என்ன என்பது நம்பிக்கையின்பாற்பட்டது. அதன் பின் நிகழ்ந்தது வரலாறு. நோயாளியாகச் சென்ற பனையேறி குலத்து இளைஞர் ஒருவர் புதிய பெயரோடு ஊர் திரும்பினார். இம்முறை அப்பெயரை யாராலும் மாற்ற முடியவில்லை.

ஆறடிக் குழி

ஊர் திரும்பிய வைகுண்டர் தவத்தில் அமர்ந்தார். அத்தவம் ஆறாண்டு என்பர். முதல் இரண்டாண்டு ஆறடி ஆழமுள்ள குழிக்குள். அடுத்த இரண்டாண்டு தரையின்மேல். இறுதி இரண்டாண்டு உயர்ந்த பீடத்தின்மேல். மண்ணுக்குக் கீழிருந்து மேலே வந்த இந்தத் தவம், அதைப் பார்க்க வந்த மக்களுக்குப் பேச்சில்லாமலே ஒரு பாடமாக இருந்திருக்கும்.

மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். நோயாளிகள் வந்தனர், அவர்களுக்குத் தண்ணீரும் மண்ணுமே மருந்தாகக் கொடுத்தார். பேய்க்கு அஞ்சியவர்கள் வந்தனர். அக்காலத்தில் பேய்களுக்கு ஆடும் கோழியும் பலியிடுவது வழக்கம். மந்திரவாதிகளுக்கு ஏழைகள் தங்கள் உழைப்பின் பயனைக் கொட்டிக் கொடுத்தனர். வைகுண்டர் பலியை நிறுத்தினார், மந்திரவாதத்தை விலக்கினார்.

அவர் அதை எப்படி விலக்கினார் என்பது கவனிக்கத் தக்கது. பேயே இல்லை, மந்திரமே பொய் என்று அவர் வாதிடவில்லை. அப்படி வாதிட்டிருந்தால் அம்மக்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள். பேய்களுக்கு வலிமை தந்த காலம் முடிந்துவிட்டது, அவை எரிக்கப்பட்டுவிட்டன, மந்திரவாதிகள் தங்கள் ஆற்றலை ஒப்படைத்துவிட்டார்கள் என்றே அவர் வழி வந்த நூல் கூறுகிறது. நேற்றுவரை நடந்த சட்டம் இன்று செல்லாது என்பதே அதன் பொருள். கேட்டவர்கள் வீட்டிற்குச் சென்று பலிபீடங்களைக் கைவிட்டனர். அச்சம் போயிற்று, செலவும் குறைந்தது.

எட்டு யுகங்கள்

அந்த நூல்தான் அகிலத்திரட்டு அம்மானை. வைகுண்டரின் சீடர் ஐவர். பாண்டவர் ஐவரின் பெயர்களே அவர்களுக்குச் சூட்டப்பட்டன. அவருள் சகாதேவன் சீடர் எனப்பட்டவர் தாமரைகுளத்து அரிகோபாலன். அவரே கொல்லம் 1016ஆம் ஆண்டில், அதாவது 1840-41இல், இந்நூலை ஓலையில் எழுதினார். பதினையாயிரம் அடிகளுக்கு மேற்பட்டது. 1939இல்தான் அச்சேறியது, அதுவரை நூறாண்டுக் காலம் ஓலையிலும் நாவிலும் வாழ்ந்தது.

உலகின் வரலாற்றை இந்நூல் எட்டு யுகங்களாகப் பிரிக்கிறது. புராணங்கள் கூறும் நான்கு யுகங்களுக்கு முன்னே நீடிய யுகம், சதுர யுகம், நெடு யுகம் என்ற மூன்று இருந்தன என்கிறது. பின்னர்க் கிரேதா, திரேதா, துவாபரம், கலி. எட்டாவதாக வரப்போவது தர்ம யுகம்.

முதல் யுகத்தில் குறோணி என்னும் அசுரன் தோன்றினான். பசி தாங்காமல் கடல் நீரை எல்லாம் குடித்தான். அதுவும் போதாமல் கயிலையையும் உலகங்களையும் விழுங்கினான். திருமால் அவனை ஆறு துண்டுகளாக வெட்டினார். ஆனால் துண்டுகள் அழியவில்லை. யுகத்திற்கு ஒன்றாக அவை மீண்டும் பிறந்தன. குண்டோமசாலியாகவும், தில்லைமல்லாலன், மல்லோசிவாகனன் என்ற இருவராகவும், பின்னர்ச் சூரபத்மனாகவும், இராவணனாகவும், துரியோதனனாகவும் வந்தன. ஒவ்வொரு யுகத்திலும் தீமையின் உருவம் வேறு. அதை வெல்லும் முறையும் வேறு. கடைசித் துண்டே கலி.

கலியன் பிறந்தவுடன் எண்ணற்ற வரங்களைக் கேட்டுப் பெற்றான். மந்திரங்கள், மாயங்கள், இயற்கையை வளைக்கும் வித்தைகள் அனைத்தும் அவன் கைக்கு வந்தன. அவன் ஆளும் யுகத்தில் பொய் மெய்போலத் தோன்றும். தாழ்வு இயற்கைபோலத் தோன்றும். அவனைத் தனியே நிற்கும் ஓர் அசுரனாக மட்டும் கொள்ளாமல், மனிதர் மனத்தை மூடும் மாயையாகவே அன்பர்கள் கொள்கின்றனர்.

ஆனால் கலியனும் ஒரு வாக்குக்குக் கட்டுப்பட்டவன். திருமால் ஆயுதமில்லாத பண்டாரமாக அவன் முன் நின்றார். ஆயுதமில்லாதவனோடு போரிடுவது இழிவு என்றான் கலியன். அப்படியானால் பண்டாரங்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று சத்தியம் செய் என்றார் திருமால். அவனும் செய்தான், மீறினால் தன் குலமும் படையும் அழியட்டும் என்றான். அந்தச் சத்தியத்திலேயே அவனுடைய அழிவு அடங்கியிருக்கிறது என்பது கதையின் முடிச்சு.

இந்தக் கதையைப் பனங்காட்டில் அமர்ந்து கேட்டவர்களை நினைத்துப் பாருங்கள். தங்கள் தாழ்வு உலகம் தோன்றியதிலிருந்தே உள்ளது, இனியும் இருக்கும் என்று நம்பியவர்கள் அவர்கள். அவர்களிடம் வைகுண்டர் சொன்னது இதுதான்: இது எட்டில் ஒரு யுகத்தின் சட்டம், இதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு, அடுத்த யுகத்தில் நோயில்லை, தாழ்வில்லை, உலகம் முழுவதற்கும் ஒரே ஆட்சி, ஒரே நீதி. கதையின் வழியே வந்த இந்தச் செய்தி, அம்மக்கள் வாழ்வில் யாரும் அதுவரை சொல்லாத செய்தி.

அம்மானை திருவனந்தபுரத்து அரசையும் விடவில்லை. அனந்தபுரி மன்னனைக் கலிநீசன் என்றும், வெள்ளையரை வெண்ணீசன் என்றும் அது அழைத்தது. ஏழைகளின் கதை அரண்மனை வாயில்வரை சென்றுவிட்டது.

சிங்காரத்தோப்பு

அப்போது ஆட்சி செய்தவர் சுவாதித் திருநாள் மகாராஜா. இசையுலகம் இன்றும் போற்றும் மன்னர். 1834இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கியது அவர் காலத்தில். 1837இல் அங்கே வானிலையம் அமைந்ததும் அவர் ஆதரவால். ஜான் கால்டிகாட் என்பவர் அதற்குத் தலைவரானார். கோள்களும் விண்மீன்களும் ஒரே விதிக்கு உட்பட்டு இயங்குவதை அளந்தறியும் கருவிகள் அரசனின் தலைநகருக்கு வந்துவிட்டன. அதே நகரின் வீதிகளில் முப்பத்தாறு காலடிக் கணக்கும் நடந்துகொண்டிருந்தது. மன்னர் கொடியவர் அல்லர். ஆயினும் கலையறிந்த, கல்வியை வளர்த்த ஓர் அரசராலும் தம்மைச் சுற்றியிருந்த வட்டத்தைக் காண முடியவில்லை.

தாழ்ந்த குலத்தான் ஒருவன் தன்னைத் திருமாலின் பிள்ளை என்கிறான், மக்களைத் தலைப்பாகை கட்டச் சொல்கிறான், அரசனின் ஆட்சி முடியும் என்கிறான் என்று முறையீடுகள் சென்றன. மன்னர் சுசீந்திரத்தில் தங்கியிருந்த சமயம், கொல்லம் 1014ஆம் ஆண்டில், அதாவது 1838இல், வைகுண்டரைப் பிடித்துவரப் படைவீரர் சென்றனர். அன்பர்கள் எதிர்த்து நிற்க முனைந்தனர். வைகுண்டர் தடுத்தார். பொறுத்திருக்கச் சொன்னார். கலியனின் சத்தியத்தை அறிந்தவர் அவர். ஆயுதம் எடுத்தால் சத்தியத்தின் பாதுகாப்புப் போய்விடும் அல்லவா?

கட்டி இழுத்துச் சென்றனர், அடித்தனர், இகழ்ந்தனர். சுசீந்திரத்திலிருந்து தக்கலை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் பழைய பெருவழியை நாம் எல்லோரும் அறிவோம். காரக்கோணத்திலிருந்து சிறிது மேற்கே சென்றால் அச்சாலை. இன்று பேருந்தில் சில மணி நேரத்தில் கடக்கும் அத்தொலைவு, கைகால் கட்டுண்டவனுக்கு எவ்வளவு நீண்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பு என்னுமிடத்தில் அவரைச் சிறையிட்டனர். சுண்ணாம்புக் காளவாயிலும் மிளகாய் வற்றல் புகையிலும் அவரை வைத்துச் சோதித்தனர் என்றும், பசித்த புலியின் கூண்டில் விட்டனர் என்றும், புலி அவரைத் தொடவில்லை என்றும் அம்மானை பாடுகிறது. கலி தன் ஆற்றல் எல்லாம் காட்டிய இடத்தில் அது செல்லாமற் போயிற்று என்பதே அப்பாடலின் கருத்து. நூற்றுப்பத்து நாட்களுக்குப் பிறகு, 1839ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவர் விடுதலை பெற்றார். தம் சாதியாரோடு மட்டுமே பழகுவதாக ஒப்புக்கொண்டால் விடுவதாகச் சொன்னார்கள் என்றும், அவர் அதற்கு இணங்கவில்லை என்றும் வழிவழியாகக் கூறுவர். அன்பர்கள் அவரைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினர்.

வட்டத்திற்குள் புதிய சட்டம்

விடுதலைக்குப் பின் அவர் செய்த பணிகளே நாம் மிகுதியாக எண்ண வேண்டியவை. தர்ம யுகம் ஒரு நாள் வரும் என்று சொல்லிவிட்டு அவர் காத்திருக்கவில்லை. அந்த யுகத்தின் சட்டம் இப்போதே நடக்கும் இடங்களைச் சிறிது சிறிதாக அமைத்தார்.

முதலில் கடற்கரை. எழுநூறு குடும்பத்தார் வீடு வாசலை விட்டு வாகைப்பதிக்குச் சென்று துவையல் தவம் இருந்தனர். நாள்தோறும் மும்முறை நீராடினர், உடுத்த துணியைத் துவைத்தனர், பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்து ஒருவேளை உண்டனர், புலாலை விட்டனர். பின்னர் முட்டப்பதியிலும் இத்தவம் தொடர்ந்தது. இழிந்தவர், அழுக்கானவர் என்று உலகம் யாரை ஒதுக்கியதோ அவர்களே தூய்மையைத் தங்கள் தவமாக்கிக் காட்டினர்.

அடுத்தது கிணறு. சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு என்று ஒன்று உண்டு. எந்தச் சாதியாராயினும் அதே நீரில் குளிக்கலாம், அதே நீரைப் பருகலாம். குளத்திலும் கிணற்றிலும் தீட்டுப் பார்த்த நாட்டில், எல்லோரும் ஒரே கயிற்றில் நீர் இறைத்தனர்.

அடுத்தது நெற்றி. தம்மிடம் வருபவரின் நெற்றியைத் தொட்டு வெள்ளை நாமம் இடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். சுடர் வடிவான ஒற்றை நாமம். முப்பத்தாறு காலடி, தொண்ணூற்றாறு காலடி என்று அளந்த நாட்டில், வணக்கத்தின் தொடக்கமே ஒருவர் மற்றொருவரைத் தொடுவதாக அமைந்தது. இதைவிட நேரான விடை வேறென்ன இருக்க முடியும்?

அடுத்தது தலை. வழிபடவரும் ஆண்கள் தலைப்பாகை கட்டியே வர வேண்டும் என்றார். முடி அணிய உரிமையில்லாதவர் என்று பெயரையே பறித்த உலகிற்கு, முடியோடுதான் இறைவன் முன் நிற்பேன் என்று ஒரு குலமே சொல்லிற்று.

கடைசியாகக் கண்ணாடி. அவருடைய பதிகளின் கருவறையில் சிலை இல்லை. கண்ணாடியும் விளக்கும் இருக்கும். வணங்கச் செல்பவன் தன் முகத்தையே அங்குக் காண்பான். இறைவன் உன்னுள்ளே இருக்கிறான் என்பதை எழுத்தறியாதவனும் ஒரே பார்வையில் உணர்ந்துகொள்ளலாம்.

ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் எழுந்தன. அங்கே கூடி வழிபட்டனர். சாதி பாராமல் கூடி உண்டனர். பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்பித்தனர். கோயில் என்றாலே வாசலுக்கு வெளியே நிற்கப் பழகியவர்கள் தங்கள் கையால் தாங்கள் கட்டிய கூரையின்கீழ் உட்கார்ந்தார்கள். அக்கூரையின் நிழல் விழுந்த அளவுக்குக் கலியுகச் சட்டம் செல்லாது.

இதே காலத்தில் தெற்கே லண்டன் மிஷன் பாதிரியார்களும் பணியாற்றினர். 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி அவர்கள் பள்ளிகள் நிறுவினர். அடிமைத்தனத்தையும் மேலாடைத் தடையையும் எதிர்த்து நின்றனர். அவர்களுடைய தொண்டை நாம் மறக்கலாகாது. ஆயினும் வைகுண்டரின் இயக்கம் தங்கள் பணிக்குப் பெருந்தடை என்று அவர்களே தங்கள் அறிக்கைகளில் எழுதினர். காரணம் வெளிப்படை. பழைய கோயிலுக்கு வெளியே நிற்பது, இல்லையேல் மதம் மாறுவது என்ற இரண்டு வழிகளே இருந்த மக்களுக்கு, தங்கள் மொழியிலும் தங்கள் கதையிலும் மூன்றாவது வழி ஒன்று திறந்துவிட்டது.

அவர் காணாத நாட்கள்

கொல்லம் 1026ஆம் ஆண்டு வைகாசி 21ஆம் நாள், 1851 ஜூன் 2ஆம் தேதி, வைகுண்டர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டே. சாமித்தோப்பில் அவரை அடக்கம் செய்த இடத்தில் இன்று தலைமைப்பதி நிற்கிறது.

அவர் சொன்ன தர்ம யுகம் அவர் கண்முன் வரவில்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855இல். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது 1859 ஜூலையில். அதற்கு முன் வீடுகள் எரிந்தன, பெண்கள் சந்தையில் அவமதிக்கப்பட்டனர். நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம் என்னுமிடத்தில் நாராயண குரு தம் கையாலேயே சிவலிங்கம் நிறுவியது 1888இல். எல்லாச் சாதியினர்க்கும் கோயிற்கதவு திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின் அது நிகழ்ந்தது.

இவையெல்லாம் வைகுண்டர் ஒருவரால் வந்தவை என்று சொல்வது மிகையாகும். பலருடைய போராட்டமும் கண்ணீரும் இவற்றில் உண்டு. ஆனால் ஒன்று உறுதி. சட்டம் மாறுவதற்கு முன்னே, அது மாறக்கூடியது என்று மக்கள் நம்ப வேண்டும். நெருப்புச் சுடும் என்பதை எதிர்த்து யாரும் போராடுவதில்லை. தங்கள் தாழ்வும் நெருப்பின் சூடுபோல இயற்கையே என்று எண்ணியவரை அம்மக்களும் போராட முடியாதிருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தவர் வைகுண்டர். அதற்கு அவர் எடுத்த கருவி எட்டு யுகங்களின் கதை.

விஞ்ஞானம் பயில்வோர் இங்கே ஒரு வேற்றுமையைக் கவனிக்கலாம். அரிஸ்டாட்டிலின் விண்ணுலகம் பொய் என்று நியூட்டனுக்குப் பின் வந்தவர்கள் தள்ளினர். விதி மாறும் பகுதிகள் இல்லை, விதி ஒன்றே என்றனர். வைகுண்டரோ விதி மாறும் யுகங்கள் உண்டு என்ற கதையை வைத்துக்கொண்டே, மனிதர் அனைவர்க்கும் நீதி ஒன்றே என்ற இடத்திற்கு வந்து சேர்ந்தார். பாதைகள் எதிரெதிரானவை. ஆனால் மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் என்ற பழைய பிரிவினையை இரண்டும் ஏற்கவில்லை.

இன்று முப்பத்தாறு காலடியை யாரும் அளப்பதில்லை. ஆண்டுதோறும் மாசி 20ஆம் நாள் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் செல்கின்றனர். குமரி மாவட்டத்தில் அன்று விடுமுறை. எல்லைக்கு இப்பால் காரக்கோணம் பக்கத்திலிருந்தும் அன்பர்கள் போகிறார்கள். தலைப்பாகையோடு போகிறவர்களை யாரும் தடுப்பதில்லை. ஆனாலும் திருமணப் பேச்சிலும், வாடகை வீடு தேடும்போதும், சில ஊர்களில் சுடுகாட்டிலும் பழைய வட்டம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. காலடிக் கணக்கு மறைந்தது. கணக்குப் பார்க்கும் மனம் முற்றும் மறையவில்லை.

மாணவர்களாகிய நம்மிடம் யாரேனும் வந்து, இது இப்படித்தான், இது இயற்கை, இதை மாற்ற முடியாது என்று சொல்லும்போது, ஒரு கேள்வியை நாம் கேட்டுப் பழக வேண்டும். இது காய் விழுகிற விதியா, அல்லது ஒரு காலத்தின் விதியா? முதலாவதாக இருந்தால் கற்போம். இரண்டாவதாக இருந்தால் அதற்கு முடிவு உண்டு. அம்முடிவைக் கொண்டுவருவதற்கு ஆயுதம் வேண்டாம், எல்லோரும் இறைக்கும் ஒரு கிணறு வெட்டினாலே தொடங்கிவிடலாம் என்று காட்டிச் சென்றார் அய்யா வைகுண்டர்.